கீழ்வீட்டு டி.வி.

"என்னங்க, என் குரல் கீழ்வீட்டிலேர்ந்து கேக்குது!"

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி அலறியடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஒரு கையில் ரிமோட்டும் இன்னொரு கையில் போனுமாக டி.வி.யோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிரவே இல்லை.

"உன் குரல் தெருமுனை வரைக்கும் கேக்கும். கீழ்வீட்டில கேக்கறது ஒரு அதிசயமா?"

"விளையாடாதீங்க. நான் இங்க வாயே திறக்கலை. 'ஊதுடா செல்லம், ஊது'ன்னு கீழ நான் கத்திட்டிருக்கேன்!"

மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அவளுடைய சின்ன வயசு கேசட்டுகளையெல்லாம் கடையில் கொடுத்து, போனில் பார்க்கிற மாதிரி மாற்றி வாங்கியிருந்தார்கள். அதையே பெரிய டி.வி.யில் பார்க்க இருவருக்கும் ஆசை. சாயங்காலம் ஆனால் அவர் போனை டி.வி.யோடு இணைத்து, முதலில் இருந்த பிறந்தநாள் வீடியோவை ஓடவிடுவார். 'இணைக்கப்பட்டது' என்று போன் சத்தியம் செய்யும். சத்தம் மட்டும் எங்கேயோ போய்விடும். டி.வி.யோ நீலத் திரையைக் காட்டிக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணமோ என்று உட்கார்ந்திருக்கும்.

இப்போதுதான் விஷயம் புரிந்தது. மாடி வீடும் கீழ்வீடும் தள்ளுபடியில் ஒரே மாதிரி டி.வி. வாங்கியிருந்தன. போனில் இரண்டுக்கும் ஒரே பெயர். இவர் இத்தனை நாளும் இணைத்தது கீழ்வீட்டு டி.வி.யை.

"ஐயையோ, அந்த உம்மணாமூஞ்சியா நம்ம வீடியோவைப் பார்த்துட்டிருக்கார்?"

கீழ்வீட்டுப் பெரியவருக்கு இவர்கள் வைத்த பெயர் அது. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் சண்டை, பால்கனியிலிருந்து தண்ணீர் சொட்டினால் சண்டை. போன வருஷம் அவர் மனைவி காலமான பிறகு சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

"பாவம், தெரியாம வந்திருக்கும்."

"அதெப்படி வரும்? 'அனுமதிக்கவா'ன்னு அந்த டி.வி. கேக்கும். அவர் ரிமோட்ல சரின்னு அமுக்கினாத்தான் படமே வரும். ஒரு நாள்னா கை தவறிடுச்சுன்னு விடலாம். தினமுமா கை தவறும்?"

கணவருக்குச் சுருக்கென்றது. வீடியோவை அப்படியே நிறுத்திவிட்டு, போனும் கையுமாகத் தடதடவென்று படியிறங்கினார். மனைவியும் பின்னாலேயே போனாள்.

மணியடித்ததும் கதவு திறந்தது.

"ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?" என்றார் பெரியவர்.

என்ன நெஞ்சழுத்தம்!

"அடுத்தவங்க வீட்டுப் படத்தைத் திருட்டுத்தனமாப் பாக்கறீங்களே, வயசுக்கேத்த காரியமா சார் இது?"

பெரியவர் வழிவிட்டு நின்றார். உள்ளே, டி.வி.க்கு வெகு அருகில் ஒரே ஒரு நாற்காலி. திரையில் பிறந்தநாள் விழா அப்படியே உறைந்திருந்தது. காகிதக் கிரீடத்தோடு மகள். கேக்கில் இருந்த மெழுகுவர்த்தியை ஊதக் கன்னத்தை உப்ப வைத்திருந்தாள்.

"தப்புதான் தம்பி. அடுத்தவங்க வீட்டுப் படம்தான். ஆனா அந்த ஓரத்துல, கதவுகிட்ட நிக்கிறது எங்க வீட்டம்மா."

இருவரும் பார்த்தார்கள். போனில் நகக்கண் அளவுகூடத் தெரியாத உருவம். அந்த வீடியோவில் மகளைத் தவிர வேறு யாரையும் இவர்கள் கவனித்ததே இல்லை. இந்தப் பெரிய திரையில் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேமராவைக் கண்டாலே கையால மூஞ்சியை மூடிக்குவா. எங்க ஆல்பம் பூரா அவ கைதான் இருக்கு. அன்னைக்கு நீங்க எடுக்கறதை அவ கவனிக்கலை போல. இன்னும் கொஞ்சம் ஓடினா, 'அவருக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போறேன்'னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுவா. அந்தக் குரலைக் கேட்டதும் டி.வி.யை அணைச்சிடுவேன். அதுக்கப்புறம் வர்ற எதையும் பார்த்ததில்லை. இனிமே இதையும் பாக்கமாட்டேன்."

"இந்த வீடியோவை உங்களுக்குன்னு தனியா காப்பி பண்ணித் தரேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கணவர் மாடியேறினார். மனைவி அந்த ஒற்றை நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் தங்கள் டி.வி.க்கு 'மாடி' என்று பெயர் மாற்றினார்.

"இனிமே குழப்பமே வராது. இந்தா, நீயே போடு."

மனைவி போனை வாங்கினாள். 'மாடி'யை விட்டுவிட்டு மற்றதை அழுத்தினாள்.

"ஏய், அது கீழ்வீடு!"

"தெரியும்."

சமையலறைக்குள் போய், தட்டில் கேக்கோடு வெளியே வந்தாள்.

"அவருக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போறேன். நீங்க ரெண்டு நாற்காலியைத் தூக்கிட்டு வாங்க."