கல் விழுந்த சத்தம்

"ஷ்ஷ்! ஆரும் மூச்சுக்கூட விடாதீங்க. தொட்டி மோட்டாரை நிறுத்து தனசேகரு!"

தனசேகர் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினான். வீட்டுக்காரர் அர்த்தநாரி ஈரத் தரையில் குப்புறப் படுத்து, ஆழ்துளைப் போர்க்குழாயின் இரும்பு மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் செம்மண். வலது கையில் ஒரு கூழாங்கல்.

ராத்திரி பெய்த மழை மொட்டைமாடிக் குழாயில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டு மலை மேகத்துக்குள் பாதி கரைந்து, கனவில் பார்த்த மலை மாதிரி நின்றது.

"என்னங்கய்யா, இப்பவே பாக்கோணுமுங்களா? ஒரு காபி குடிச்சிட்டு..." என்று அவர் காதோரம் சத்தமாக இழுத்தாள் தனசேகரின் மனைவி ரஞ்சனி.

"முட்டை வியாபாரி பத்து மணிக்குப் பதில் கேட்டிருக்கான், அம்மிணி. இந்த எடத்துல குடோன் கட்டோணுமாம். கல்லு தண்ணியில விழுந்தா நீங்களே குடியிருக்கலாம். காஞ்ச பாறையில விழுந்தா அவனுக்குக் கிரயம். அவ்வளவுதான்."

ரஞ்சனிக்கு இந்த வீட்டை விட மனசில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் தெருமுனையில். ரஞ்சனியின் தையல் மிஷினுக்குப் பிழைப்பு இந்தத் தெருவில்.

அவர்கள் குடிவந்த கொஞ்ச நாளிலேயே போர் வற்றிப்போனது. காவிரிக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். போன வருஷம் அர்த்தநாரி திடீரென்று ஆள் வைத்து எல்லாவற்றையும் மாற்றினார். மெல்லிசாக ஊற்றும் குழாய்கள். கக்கூசில் தண்ணீரைக் குறைத்து விடும் இரட்டைப் பித்தான் தொட்டி. வாஷிங் மிஷின் தண்ணீர் தென்னைக்கு. மாடி மழையெல்லாம் மணல் குழி வழியாக இந்தக் காய்ந்த போருக்குள்.

"குழாயைத் தொறந்தா பனி பெய்யற மாதிரி வருதுங்க. மூஞ்சி கழுவி முடிக்கறதுக்குள்ள தாடி மொளைச்சிருது!" என்று தனசேகர் கிண்டலடித்தது உண்டு. ஆனால் ஒரே நாளில் காலியாகிற தண்ணீர்த் தொட்டி, அதற்கப்புறம் வாரம் முழுக்க நின்றது.

"முப்பது வருஷம் போர் போடற ரிக் வண்டியோட சுத்தினேன். அந்தக் கம்ப்ரசர் என் காதைத் தின்னுபோட்டுது" என்றார் அர்த்தநாரி. "இன்னைக்கு உங்க காதுதான் சாமி எனக்குக் காது. நல்லாக் கேளுங்க."

கையைக் குழாய்க்குள் விட்டார். கண்களை மூடிக்கொண்டார்.

"பாறைக்குக் கீழே தண்ணி தூங்கிட்டே இருக்கும்" என்றார், தூக்கத்தில் பேசுகிறவர் போல. "கல்லு விழுந்தா முழிச்சுக்கும். ஒரு சத்தம் போடும். அதைக் கேக்கறப்ப நமக்கே ஒடம்பு குளுந்து போகும்..."

ரஞ்சனியும் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் கல் இருட்டில் விழுந்துகொண்டே இருந்தது. செம்மண் தாண்டி, வெள்ளைப் பாறை தாண்டி, கரும்பாறை தாண்டி, சூரியனே பார்க்காத ஓர் இடத்துக்கு. இதோ, இப்போது. இதோ.

மாடிக் குழாய் ஒரு சொட்டு விட்டது. வேறெந்தச் சத்தமும் இல்லை.

"கேட்டுச்சா?" என்று கத்தினார் அர்த்தநாரி.

ரஞ்சனி கண் திறந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. கிழவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "கேட்டுச்சுங்க! களுக்குன்னு!" என்றாள்.

"நீ சொல்லு தனசேகரு."

தனசேகரும் அவர் காதருகே குனிந்தான். "ஆமாங்கய்யா. நல்லா ஆழத்துல. தண்ணியேதான்."

அர்த்தநாரி எழுந்தார். இடது கையாலேயே மூடியைத் தள்ளி மூடினார். இடது கையாலேயே போனை எடுத்தார். "குடோனுக்கு வேற எடம் பாருங்க. நான் குடுக்கறதா இல்லை." பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்தார். எப்படியும் கேட்கப் போவதில்லை.

அவர் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள் போகும்வரை இருவரும் அசையவில்லை.

"ஏம்புள்ள, உனக்கு நெசமாவே கேட்டுச்சா?"

"உங்களுக்குங்க?"

"எனக்கொண்ணும் கேக்கலையே!"

"எனக்கும்தான்."

தனசேகர் தலையில் கை வைத்தான். "அடிப்பாவி! நாளைக்குத் தெரிஞ்சா?"

"தெரியறப்பப் பாத்துக்கலாம். அதுக்குள்ள இன்னொரு மழை பெய்யாதா? நெசமாவே ஊறிட்டுப் போகுது" என்றாள் ரஞ்சனி. சொல்லும்போதே அது நடந்துவிட்ட மாதிரி அவளுக்கு உடம்பு குளிர்ந்தது.

எதிர்வீட்டில் அர்த்தநாரியின் மனைவி சின்னாயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவர் காதருகே சத்தமாக, "தண்ணி கெடக்குதுங்களா?" என்றாள்.

"ஆருக்குத் தெரியும்?"

"அட! அப்பறம் எதை நம்பி விக்கலைன்னு சொன்னீங்க? அந்தத் தனசேகரு புரோக்கர்கிட்ட வேற ஊடு கேட்டிருக்கான்னு நேத்துத்தானே சொன்னேன்?"

"அதுக்குத்தான் இந்த வேலையே. இப்ப மிச்சமாகற காவிரித் தண்ணியே அந்த ஊட்டுக்குப் போதும். போர் ஊறினா ஊறட்டும், ஊறாட்டிப் போகட்டும். அவங்களுக்கு இங்கயே இருக்க ஆசை இருக்குதா, அதுதான் எனக்குத் தெரியோணும். நேராக் கேட்டா மரியாதைக்கு 'இருக்கறோமுங்க'ன்னுதான் சொல்லுவாங்க."

"கல்லைப் போட்டா மட்டும் மனுசங்க மனசு தெரிஞ்சிருமாக்கும்!"

அர்த்தநாரி அதுவரை மூடியே இருந்த வலது கையை அவள் முன்னால் நீட்டி, மெதுவாக விரித்தார்.

உள்ளங்கைச் சூட்டில் இருந்தது, இன்னும் எங்கேயும் விழாத அந்தக் கூழாங்கல்.