வடகிழக்கு மூலைப் புளியமரம்

"சார், எங்க நெலத்துல புளியமரமே கெடையாதே?"

என் கட்சிக்காரர் தசரதன் அப்பீல் மனுவின் நகலோடு வந்து இப்படிக் கேட்டபோது எனக்கும் அது புதுச் செய்திதான். இருபது வருஷ வக்கீல் அதை முகத்தில் காட்டுவானா?

"அது லீகல் பாயிண்ட்டுங்க. உங்களுக்குப் புரியாது."

பாவம், நம்பிவிட்டார்.

அடி அண்ணாமலை கிராமத்தில் அவருக்கும் தம்பி அப்பாதுரைக்கும் அடுத்தடுத்து நிலம். நடுவில் இருந்த வண்டிப் பாதையைத் தம்பி முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். கீழ்க்கோர்ட்டிலும் தம்பிக்கே ஜெயம். அப்பீலுக்கு அண்ணன் என்னிடம் வந்திருந்தார்.

"பாதை போனா போவுது சார். ஆவணியில தம்பி பொண்ணு தமிழ்செல்விக்குக் கல்யாணம். பௌர்ணமிக்கு என் தோள்ல உக்காந்து மலை சுத்துன பொண்ணு. என்னைக் கூப்பிட மாட்டாங்க போல."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்களே போய்ப் பேசலாமே?"

"நான் எதுக்கு சார் போவணும்? வேலி போட்டவன் வரட்டும்."

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு மனுவைப் படித்தேன். ஆமாம், அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

தீர்ப்புகளை இணையத்தில் தேடி எடுத்துவிடலாம். ஆனால் ஜெயித்தவர் என்ன எழுதி ஜெயித்தார் என்று காட்டும் அப்பீல் மனு லேசில் அகப்படாது. தேடித் தேடி அலுத்துப்போய், வக்கீல்கள் வாட்ஸ்அப் குழுவில், 'பாதைத் தகராறு அப்பீல் மாதிரி இருந்தால் அனுப்பவும்' என்று கேட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் வேறு மாவட்டத்து மனுவைக் குழுவிலேயே போட்டார். பெயர்களையும் சர்வே எண்ணையும் மாற்றித் தாக்கல் செய்துவிட்டேன். 'வடகிழக்கு மூலையில் உள்ள புளியமரத்தைக் கீழமை நீதிமன்றம் கருத்தில் கொள்ளவில்லை' என்ற வரி மட்டும் என் கண்ணில் படவில்லை.

ஜூனியர்களுக்கு, "காப்பி அடிக்காதீங்கப்பா" என்று வகுப்பெடுக்கிறவன் நான்.

எதிர்த்தரப்பு வக்கீல் அதீபா. தொழிலுக்கு வந்து கொஞ்ச வருஷம்தான், ஆனால் பிடித்த பிடி விடாதவர். கோர்ட்டில் எழுந்து, "மரம் எங்கே சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், என் மானம் கப்பலேறிவிடும்.

அடுத்த வாரம் அவருடைய பதில் வாதுரையின் நகல் வந்தது. பயந்துகொண்டே பிரித்தேன்.

'மேற்படி புளியமரம் எங்கள் கட்சிக்காரரின் தாத்தா நட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்களே புளி உலுக்கி அனுபவித்து வருகிறார்கள்.'

துள்ளிக் குதிக்காத குறைதான். நகலைத் தசரதனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு நேராகக் கோர்ட் கேன்டீனுக்குப் போனேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க எதையும் படிக்கறதே இல்லப்பா. இல்லாத புளியமரம், அதை இவங்க தாத்தா நட்டாராம்!"

கேன்டீனே குலுங்கியது. வக்கீல் அன்பரசனுக்கு டீ புரையேறிவிட்டது. "விமல்ராஜ் சார், அந்த மரத்தை இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். சொன்னேன். மரம் என் மனுவில் எப்படி முளைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து, அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் என் ஆபீசுக்கு வந்தார்கள்.

"கேஸை வாபஸ் வாங்கிடுங்க சார்" என்றார் தசரதன்.

"என்னங்க ஆச்சு?"

"இல்லாத மரத்துல புளி உலுக்குறேன்னு எழுதியிருக்கானேன்னு கோவம் தாங்கல. நேரா இவன் வீட்டுக்கே போயி, 'எந்த மரம்டா?'னு கேட்டேன்."

"'நீதானே மொதல்ல எழுதுன'னு நான் உங்க மனுவை எடுத்துக் காட்டுனேன் சார்" என்றார் அப்பாதுரை. "ரெண்டையும் படிச்சோம். ஒரு வக்கீல் இல்லாத மரத்துல ஏறிட்டாரு, இன்னொரு வக்கீல் கீழ நின்னு உலுக்குறாங்க. சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு."

"சாப்பிட்டுத்தான் போவணும்னு பொண்ணு கையைப் புடிச்சுக்கிச்சு சார்" என்றார் தசரதன். வேலியையும் அன்றைக்கே பிரித்துவிட்டார்களாம். பெரியப்பா பெயர் போட்ட கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டினார்கள்.

வாபஸ் மெமோ கொடுக்கக் கோர்ட்டுக்குப் போனேன். அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. அதீபாவின் வாதுரையைக் கோர்ட்டில் உள்ள கேஸ் கட்டிலேயே பார்த்து, நகலுக்கு மனுப் போட்டு வைத்துக்கொண்டால், காலாகாலத்துக்கும் சொல்லிச் சிரிக்கலாமே!

கட்டைப் புரட்டினேன். என் மனு இருந்தது. அதீபாவின் வக்காலத்து இருந்தது. வாதுரையை மட்டும் காணோம்.

"என்ன சார் தேடறீங்க?"

பின்னால் அதீபா நின்றுகொண்டிருந்தார்.

"உங்க வாதுரை மேடம். கட்டுல இல்லையே?"

"நான் தாக்கலே பண்ணலையே சார்."

"அப்ப எனக்கு அனுப்புன காப்பி?"

"அது உங்களுக்கு மட்டும் அடிச்சது. அண்ணன் பேரைப் போடாம பத்திரிகை அடிக்க மனசு வரலன்னு அப்பாதுரை எங்கிட்ட வந்து அழுதாரு. அவரும் போவ மாட்டாரு, இவரும் வர மாட்டாரு. மரம் தம்பியோடதுன்னு எழுதுனா, சண்டை போடவாவது அண்ணன் தம்பி வீட்டுக்கு வருவாருனு நெனைச்சேன்."

கட்டை மூடி வைத்தேன். "மரம் கெடையாதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?" என்றேன்.

"நீங்க அந்த மனுவைக் கேட்டு வாங்குன வாட்ஸ்அப் குழுவுலதான சார் நாங்க எல்லாருமே இருக்கோம்? கேன்டீன்ல நீங்க சொன்னதுமே எல்லாருக்கும் வெளங்கிடுச்சு. எங்களுக்குத் தெரியும்னு சார்கிட்ட காட்டிக்க வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."