கைவிட்ட வழக்கு

"இம்மாகுலேற்றின்ரை வழக்கை இனி நான் பாக்கேலாது. டொசியேக் கோப்பை லோயர் பியட்றிஸிட்டைக் குடுத்துவிடும்" என்றார் வழக்கறிஞர் கரிகாலன்.

அவருடைய பாரிஸ் லா சப்பல் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் கஜனி திடுக்கிட்டாள்.

இம்மாகுலேற் விசா இல்லாதவள். சாப்பாட்டுக் கடைக் குசினியில் கொதி எண்ணெய் கொட்டிக் கை வெந்துவிட்டது. நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தாள். "இந்தப் பொம்பிளை என்னட்டை வேலையே செய்யேல்லை" என்று முதலாளி நல்லசிவம் அன்று காலைதான் கடிதம் அனுப்பியிருந்தார்.

நகரசபைத் தேர்தலில் நிற்கும் கரிகாலனுக்காக ஆள் திரட்டுகிறவரும் அதே நல்லசிவம்தான்.

"ஏன் அண்ணை?"

"காரணம் இருக்கு."

"நல்லசிவம் அண்ணை கோவிப்பார் எண்டோ?"

கரிகாலன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பல்கலைக்கழகத்தில் கஜனி ஆய்வு செய்வதும் ஒரு வழக்கறிஞரைப் பற்றித்தான். நூற்றெழுபது வருஷத்துக்கு முந்திய அமெரிக்கர். அடிமைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடிப் பேரெடுத்தவர். தேர்தலில் நின்ற வருஷமே அந்த வழக்குகளை ஒவ்வொன்றாகக் கைகழுவிவிட்டார். பிறகு செனட்டரும் ஆனார்.

மறுநாள் அவள் அதைச் சொல்லியே காட்டினாள்.

"நான் படிக்கிற ஆளும் இப்பிடித்தான் அண்ணை. வோட்டு எண்டதும் வழக்கை விட்டவர்."

"நல்லா எழுதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரிகாலன் கணினியைத் திறந்தார்.

மறுப்புக்கூடச் சொல்லவில்லையே! மத்தியானம் ஜன்னலால் பார்த்தாள். தெருவில் நல்லசிவம் கரிகாலனின் தோளில் கைபோட்டு ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

பேரம் முடிந்துவிட்டது.

கஜனி வேலையை விடுவதாக எழுதி அவர் மேசையில் வைத்தாள். டொசியேயைத் தூக்கிக்கொண்டு ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் இருக்கும் வழக்கறிஞர் பியட்றிஸிடம் போனாள்.

"வோட்டுக்காக விட்டிட்டார் அக்கா. அவரிட்டை இனி நான் வேலை செய்யமாட்டன்."

பியட்றிஸ் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"அவர் உமக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"எதை?"

"அவளுக்குக் கை வெந்த அண்டைக்கு, கரிகாலன் சாப்பாடு எடுக்க அந்தக் கடையிலைதான் நிண்டவர். குசினிக்குள்ளை ஓடிப்போய்த் தண்ணி ஊத்தினதும் அவர்தான். நல்லசிவத்துக்குப் பயந்து, அவள் அங்கை வேலை செய்தவள் எண்டு சொல்ல வேறை ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

பியட்றிஸ் கையால் எழுதிய ஒரு தாளை அவளிடம் நீட்டினாள். அடியில் கரிகாலனின் கையெழுத்து இருந்தது.

"ஒரே ஆள் வழக்கும் பேசி, சாட்சியும் சொல்லேலாது தங்கச்சி."