ஐந்து சிவப்புக் கொடிகள்

பத்மாவதி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேசைக்கு வந்தாள்.

மேசையில் அவளுடைய மகனின் விமானம் நின்றது. ஒரு முழ நீள மாதிரி. சாம்பல் நிறப் பெயிண்ட் இன்னும் லேசாக மணத்தது.

"ரெண்டு மாசமா பெயிண்ட் அடிக்கிறீங்க அண்ணே. எங்க வீட்டுக்கே ரெண்டு நாள்தான்லா ஆச்சு."

கார்த்திகேசு சிரித்தார். தூரிகையைத் தின்னரில் வைத்தார்.

பாகான் டாலாமிலிருந்து பெர்ரி ஏறி, பஸ் பிடித்து, பாயான் பாருவில் அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். நாளை மகன் ஆனந்தராஜாவின் திவசம். ஏழாவது. படத்துக்குப் பக்கத்தில் விமானத்தை வைக்க வேண்டும்.

செய்து தரச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான். கடைசியாக அவன் ஏறியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

அதை அவரிடம்தான் கேட்க முடியும். விமானப்படைத் தளத்தில் அவன் ஓட்டிய விமானத்தின் இருக்கை அவர் பொறுப்பில் இருந்தது. அன்று ஏணியில் நின்று பையனுக்கு வார் பூட்டிவிட்டு இறங்கியவரும் அவர்தான்.

விமானம் கடலில் விழுந்தது. கூடப் பறந்தவர்கள் பாராசூட் விரியும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விரியவில்லை. கடல் எதையும் திருப்பித் தரவில்லை.

மாதிரி விமானப் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் இருக்கை அவருக்குப் பிடிக்கவில்லை. அது வெறும் நாற்காலி. இங்கிலாந்துக்கு எழுதி, ரெசினில் வார்த்த இருக்கையைத் தனியாக வரவழைத்தார். வார், கொக்கி, தலைக்கு மேலே இழுக்கும் வளையம், எல்லாம் இருந்தன. ஐந்து பித்தளை ஊசிகளும் இருந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் எள்ளளவு சிவப்புக் கொடி.

பூதக்கண்ணாடி வைத்து ஐந்தையும் செருகினார். பிறகு விமானி அறையின் கண்ணாடி மூடியைத் திறந்த நிலையில் ஒட்டினார். கை பழகிய வரிசை அது. யோசிக்கவில்லை.

பத்மாவதி குனிந்து பார்த்தாள்.

"இந்தச் சிவப்பு என்னண்ணே? பூ மாதிரி இருக்கு."

"பாதுகாப்பு ஊசிம்மா. அஞ்சு இருக்கும். தரையில நிக்கிறப்ப குத்தி வைப்போம். இது இருந்தா, ஆபத்துல வளையத்தை இழுத்தாலும் இருக்கை பைலட்டோட வெளிய பாயாது."

சொல்லிவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பறக்கிறப்ப?"

"எடுத்திடணும். அஞ்சையும் எண்ணிக் காட்டி, பையில போட்டு பைலட்கிட்டயே கொடுத்திடுவோம்."

"அப்ப எடுத்திருங்கண்ணே. என் பையன் பறக்கப் போறானில்ல."

அவர் இடுக்கியை எடுத்தார்.

முதல் ஊசி பசையோடு பெயர்ந்து வந்தது. இரண்டாவது. கைப்பிடிகளின் ஓரத்திலிருந்து இன்னும் இரண்டு.

ஐந்தாவது தலைசாய்ப்புக்குப் பின்னால் இருந்தது.

மூடியின் சட்டம் குறுக்கே நின்றது. இடுக்கியின் முனை கொடியைத் தொட்டது, பிடிக்கவில்லை. சாய்த்து நுழைத்தார். இறக்கை நடுங்கியது. கண்ணாடியில் கீறும் சத்தம் கேட்டது. நிறுத்தினார்.

இன்னொரு முறை. இடுக்கி வழுக்கியது.

மேலிருந்து பார்த்தால் அந்த ஊசி தெரியாது. பக்கவாட்டிலும் தெரியாது. இருக்கும் இடம் தெரிந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பத்மாவதி எடுத்துப்போகக் கொண்டுவந்த பெரிய பிஸ்கட் பெட்டியில் துண்டை விரித்துக்கொண்டிருந்தாள். ஓரங்களில் சுருக்கம் விழாமல் நீவிவிட்டாள்.

"அஞ்சும் வந்திருச்சாண்ணே?"

உள்ளங்கையில் நான்கு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. அவர் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"வந்திருச்சும்மா."

ஏழு வருடங்களுக்கு முன், விசாரணையில் கேட்டவர்களிடமும் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.