தண்டவாள மிஷின்

“இவர்தானேம்மா முருகையன்?”

டாக்டர் சக்கரபாணி கேட்டதற்கு வீரம்மாள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரை எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்? தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே போதும் என்று டாக்டர் மிஷின் பக்கம் திரும்பிவிட்டார். போர்வை போர்த்திக்கொண்டு நின்றவன் ஒரே எம்பில் மேஜைமேல் ஏறிப் படுத்தான்.

மிஷின் ரயில்வேக்காரர்களுடையது. காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பி, தண்டவாளத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற சாமான். இரும்புக்குள் பார்க்கிற சத்தம் ஈரலுக்குள் பார்க்காதா என்பது சக்கரபாணியின் ஆராய்ச்சி. திண்டிவனத்தில் அவருக்குக் கிறுக்கு டாக்டர் என்று பேர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். கசாப்புக் கடை ஈரலில் வைத்துப் பார்த்திருக்கிறார். உயிருள்ள மனுஷன்மேல் இன்றைக்குத்தான் முதல் தடவை.

“விழுப்புரம் பாசஞ்சர் வர்றதுக்குள்ள பெட்டி என் கைக்கு வந்துடணும் சார். மேல தெரிஞ்சா என் வேலை காலி,” என்றார் தண்டவாள இன்ஸ்பெக்டர் சவுரிராயன். கெஞ்சிக் கூத்தாடி அவரிடம் வாங்கிய இரவல்.

முருகையனை டாக்டர் இதற்குமுன் பார்த்ததில்லை. பிரம்மதேசத்துக்காரன், ஒரு மாதமாகப் படுத்த படுக்கை. ஈரலில் புற்று என்று விழுப்புரத்துப் பெரிய டாக்டர் கைவிரித்துவிட்டார். விடாத காய்ச்சலையும் பழைய சீதபேதியையும் கேள்விப்பட்ட சக்கரபாணிக்கு மட்டும், அது சீழ்க்கட்டி என்று மனசு அடித்துக்கொண்டது. சீழென்றால் வடித்துவிடலாம், ஆள் பிழைத்துக்கொள்வான். “சீழ்னு காட்டுய்யா, நான் கத்தியை எடுக்கிறேன்,” என்று பெரிய டாக்டரும் சொல்லியிருந்தார்.

சக்கரபாணி வயிற்றைக் கையால் அமுக்கிப் பார்க்கவில்லை. கை ஒன்றைச் சொல்லிவிட்டால் கண்ணும் அதையே பார்க்கும் என்று அவருக்குப் பயம். வலது விலாவில் மல்லாட்டை எண்ணெயை, அதுதான் கடலை எண்ணெயைத் தடவி, மிஷினிலிருந்து கம்பியில் தொங்கிய குமிழை வைத்தார். படுத்திருந்தவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“இரும்பையே தொளைச்சிக்கினு போற மிஷினாமே சாமி! உசுருக்கு ஒண்ணும் ஆயிடாதே?” என்றாள் வீரம்மாள்.

“கொஞ்சம் சும்மா இரும்மா.”

சீழ் இருந்தால், குளத்துக்கு இரண்டு கரை மாதிரி, மிஷினின் திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் உயர்ந்து நிற்க வேண்டும். நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. அந்த இரண்டு கோடுகளும் நிற்கவில்லை. குமிழை மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினார். புல் முளைத்த மாதிரி குட்டிக் குட்டிக் கோடுகள்தான் வந்தன.

ஒன்று, பெரிய டாக்டர் சொன்ன புற்றுதான் சரி. இல்லையென்றால் இந்த மிஷின் தண்டவாளத்துக்குத்தான் லாயக்கு. எதுவானாலும் முருகையன் பிழைக்க வழியில்லை. ஊரே சிரித்தபோதெல்லாம் அசராத சக்கரபாணி அசந்துபோய்க் குமிழைக் கீழே வைத்தார். இதை அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

“ஜல்தி சார், சிக்னல் போட்டுட்டான்,” என்றார் ஜன்னல் வழியே ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்த சவுரிராயன்.

“எடுத்துக்கங்க. இனிமே எனக்கு வேணாம்.”

சவுரிராயன் மிஷினைப் பெட்டிக்குள் இறக்கி மூடி, ஒரு பக்கத்துக் கொக்கியை மாட்டினார்.

“ஏம்மா, உள்ள சீழ் எதுவும் தெரியலை. என்னால ஆனதைப் பார்த்துட்டேன். வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடு,” என்றார் டாக்டர். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

வீரம்மாள் அழவில்லை. படுத்திருந்தவனின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

“மிஷினு வெச்சதால கெடுதி ஒண்ணும் இல்லீங்களே, சாமி?”

“நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. போம்மா,” என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

வீரம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. படுத்திருந்தவனின் தோளில் தட்டினாள்.

“எறங்குடா தம்பி, வாசல்ல மாட்டு வண்டியில கெடக்கிற உன் மாமாவைத் தூக்கியாரலாம்.”