மஞ்சள் விளக்கு

"ஏங்க, கொஞ்சம் மெதுவாப் போங்களேன். உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவள் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே மழை. மலைப்பாதை ஏற்றம். இடது பக்கம் கிடுகிடு பள்ளம்.

வாகன ஆய்வாளரான அவள் கணவர் அசரவில்லை. வண்டியை எடுத்ததிலிருந்து அவருடைய வீரப்பிரதாபம்தான்.

"நேத்து ஒரு டாக்சிக்காரன் சோதனைக்கு வந்தான். எச்சரிக்கை லைட் எரியுதுன்னு அது மேல கறுப்பு டேப் ஒட்டி வச்சிருக்கான்! பிச்சு மூஞ்சியிலயே எறிஞ்சேன்."

"அது என்ன லைட்டு?"

"ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு சென்சார் இருக்கு. எது எவ்வளவு வேகமாச் சுத்துதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். ஒண்ணு மட்டும் வழுக்கிச் சுத்தினா, கம்ப்யூட்டர் அதை பிரேக் போட்டுப் பிடிச்சு, இன்ஜின் இழுவையையும் குறைச்சிடும். சென்சார் போச்சுன்னா எதுவும் நடக்காது, லைட் எரியும். வண்டியில வர்ற சனங்க உயிருக்கு யாரு பொறுப்பு?"

"நம்ம வண்டியிலயும் ஏதோ மஞ்சளா எரிஞ்சுதே?"

"இப்ப எரியல இல்ல? தொணதொணக்காதே."

வளைவு வந்தது. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். முன்சக்கரம் ஒன்று சேற்றில் விர்ரென்று சுற்றியது. வண்டி ஏறவில்லை. பள்ளத்தைப் பார்த்து வழுக்கியது.

"ஐயோ... பாப்பா!"

ஓரக்கல்லில் டமாரென்று முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மகள் வீறிட்டாள். அவள் பின்னால் எட்டி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பின்னால் வந்த டாக்சியும் அதே சேற்றில் ஒரு நொடி திணறியது. பிறகு நிதானமாக ஏறி நின்றது. டிரைவர் குடையோடு ஓடி வந்தார்.

"அட, ஐயாவா! குழந்தையைக் குடுங்கம்மா. பயப்படாம நம்ம வண்டியில ஏறுங்க. நேத்து ஐயா அந்த டேப்பைப் பிச்சு எறிஞ்சாரே, சாயந்தரமே புது சென்சார் போட்டுட்டேன். அவர் புண்ணியம்!"

கணவர் அவசர அவசரமாக இறங்கினார்.

பையை எடுக்கக் குனிந்தவள், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் எதையோ பார்த்து நின்றாள். நகத்தால் உரித்தாள்.

கறுப்பு டேப் கையோடு வந்தது. அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.