தையற்காரர் மெண்டலின் வீடு

"அப்பா, இங்க வந்து பாருங்க. அந்த ஆளுங்க நம்ம வீட்டைத்தான் கை காட்டிப் பேசறாங்க!"

போஷெனா ஜன்னல் திரையை லேசாக விலக்கிக்கொண்டு நின்றாள். அடுப்பில் பீட்ரூட் சூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

வாலென்டி நாற்காலியை விட்டு எழவில்லை. "ஊர் சுத்திப் பார்க்க வந்தவங்களா இருக்கும். திரையை மூடு."

"சுத்திப் பார்க்க இந்த ஊர்ல என்ன இருக்கு, கோட்டையா கொத்தளமா? எல்லாரும் தொப்பி போட்ட கிழவங்க. வெளிநாட்டு யூதருங்க. பக்கத்து ஊர்லயும் போன மாசம் இப்படித்தான் வந்து ஒரு வீட்டைப் போட்டோ எடுத்தாங்களாம். வீட்டைத் திருப்பிக் கேக்கத்தான்னு ஊரே பேசுது."

"ஊர் எதைத்தான் பேசல?"

"அப்ப நீங்க ஏன் இங்க வந்து பார்க்க மாட்டேங்கறீங்க?"

வாலென்டி நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் போஷெனாவுக்குப் பகீரென்றது. சந்தை மைதானத்தைச் சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் ஒரு காலத்தில் யூதர்களுடையவை. போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் யூத ஆண்களை எல்லாம் இதே மைதானத்தில் நிற்க வைத்து, ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அப்படியிருக்க, அவற்றில் ஒரு வீடு அப்பாவின் கைக்கு எப்படி வந்தது? கேட்டால் கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விடுவார். அம்மா உயிரோடு இருந்தவரை, "அவரை நோண்டாதே" என்பதோடு சரி. ஊர்ப் பெரியவர்களோ அப்பா தலையைக் கண்டதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். சிறுமியாக இருந்தபோதிலிருந்தே போஷெனா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் வாழ்ந்தாள். இன்றைக்கு அது தெருவாசலுக்கே வந்துவிட்டது.

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

"யாரு வேணும் உங்களுக்கு?"

முன்னால் நின்ற கிழவர் தொப்பியைத் தொட்டு வணங்கினார். அவருடைய போலிஷ் பேச்சு பழங்காலத்து வாடையோடு இருந்தது. "யாரும் வேண்டாம்மா. இது தையற்காரர் மெண்டலோட வீடுதானே? அவரும் எங்கப்பாவும் ஒண்ணாத்தான் ரயிலேறினாங்க."

"இது எங்க வீடு. பத்திரம் இருக்கு."

"பத்திரமா வெச்சுக்கோம்மா. நாங்க வீடு கேக்க வரல."

"பின்னே?"

"அவங்களைக் கொண்டுபோன நாள் இன்னிக்கு. அவங்க நின்ன இடத்துலயே செத்தவங்களுக்கான பிரார்த்தனையைச் சொல்லணும்னு வந்தோம். கொடுத்து வைக்கல. எங்க முறைப்படி பத்து ஆம்பளைங்க சேர்ந்து நின்னாத்தான் அதைச் சொல்லலாம். கூட வந்த ஒருத்தர் நெஞ்சுவலின்னு லூப்ளின் ஆஸ்பத்திரியில படுத்துட்டார். ஒன்பது பேர்தான் இருக்கோம்."

இவர்கள் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "ஒரு ஆள்தானே? எங்க பாதிரியாரைக் கூட்டிட்டு வரட்டுமா?"

கிழவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல மனசும்மா உனக்கு. ஆனா யூதரா இருக்கணும். அதுக்கு இந்த ஊர்ல இன்னிக்கு யாரைத் தேடறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் போஷெனாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிழவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வேனை நோக்கி நடந்தார்கள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "பிழைச்சோம்பா. வீட்டுக்காக வரலையாம். ஏதோ பிரார்த்தனையாம், பத்துப் பேர் வேணுமாம், ஒன்பது பேர்தான் இருக்காங்களாம். கிளம்பிட்டாங்க."

வாலென்டி எழுந்தார். "யார் வீடுன்னு கேட்டாங்க?"

"யாரோ மெண்டலாம்."

அவர் கோட்டை எடுத்து மாட்டினார். பித்தானைப் போட வரவில்லை, விட்டுவிட்டார்.

"எங்க போறீங்க?" போஷெனா கதவில் சாய்ந்து வழியை மறித்தாள். "போறவங்களைக் கூப்பிட்டு வம்பை விலைக்கு வாங்கப் போறீங்களா? இந்த வீட்டை விட்டா நமக்கு வேற என்ன இருக்கு?"

"வழியை விடும்மா."

"அப்ப நான் நினைச்சது சரிதானா?" இத்தனை காலமும் அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது. "நீங்கதான் அந்த மெண்டலைக் காட்டிக் கொடுத்தீங்களா? இந்த வீடு அதுக்குக் கூலியா?"

கன்னத்தில் அறை வாங்கியவர்போல வாலென்டி நின்றுவிட்டார்.

"இதைத்தான் நினைச்சிட்டிருந்தியா?"

"நீங்க வாயைத் திறந்திருந்தா நான் ஏம்பா நினைக்கப் போறேன்?"

"அதுவும் சரிதான்" என்றார் அவர். "வா. அவங்க முன்னாடியே சொல்லிடறேன்."

வேன் நகரத் தொடங்கிவிட்டது. வாலென்டி ஓடிப்போய் அதன் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார். கிழவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எதிர்வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. ஊர் முன்னால் அப்பா அந்தக் கிழவர்கள் காலில் விழப்போகிறார் என்று எண்ணி, போஷெனா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு என்னை விறகுக் கொட்டகையில ஒளிச்சு வெச்சிட்டு, 'நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராதே'ன்னு சொல்லிட்டு ரயிலேறினார் எங்கப்பா மெண்டல். இன்னிக்குத்தான் கூப்பிட்டிருக்கார். பிரார்த்தனையை ஆரம்பிங்க, பத்துப் பேர் ஆயாச்சு."